வக்கடையும் காபன் கணக்கும்

இலங்கையின் அம்பாறைக் கரையில், கல்முனையிலோ நிந்தவூரிலோ ஒருவரைப் பார்த்து "இந்த முறை வெள்ளாமை எப்படி?" என்று கேட்டால், அவர் நெல்லைப் பற்றித்தான் பேசுவார். அவருக்குத் தென்னை இருக்கலாம், மரக்கறித் தோட்டம் இருக்கலாம், பட்டியில் எருமையும் நிற்கலாம். ஆனாலும் வெள்ளாமை என்றால் நெல். வேளாண்மை என்ற பெரிய சொல்லை ஒரே பயிருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட ஊர்கள் இவை. இப்போது அந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்: காபன் வேளாண்மை. இதில் விளைவதை மூட்டை கட்ட முடியாது, ஆலைக்கு ஏற்ற முடியாது, களத்தில் அளந்து பங்கு பிரிக்கவும் முடியாது. வயலை விட்டு எழும்பாமல் போன வாயுதான் விளைச்சல்.

சுருங்கச் சொன்னால் விடயம் இவ்வளவுதான். மண்ணில் காபனைச் சேர்க்கும் அல்லது வயலிலிருந்து எழும் வாயுக்களைக் குறைக்கும் முறையில் பயிர் செய்ய வேண்டும். அப்படிக் குறைந்ததைத் தொன் கணக்கில் அளந்து, தொன்னுக்கு ஒரு சான்று எழுதி, தங்கள் புகையைக் குறைக்க முடியாத அல்லது மனமில்லாத கொம்பனிகளுக்கு விற்க வேண்டும். அவுஸ்திரேலியா 2011இலேயே இதற்குச் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தனக்கென ஒரு சான்றளிப்பு விதிமுறையை நிறைவேற்றியது. புல்வெளி நாடுகளில் இது மண்ணையும் மரத்தையும் பற்றிய பேச்சு. நெல் நாடுகளில் பேச்சு முழுவதும் தண்ணீரைப் பற்றியது. காரணம் மெதேன்.

தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் சேற்றுக்குள் ஒட்சிசன் இறங்காது. அங்கே கிடக்கும் வைக்கோலையும் வேரையும் ஒட்சிசன் வேண்டாத நுண்ணுயிர்கள் உண்டு மெதேனை விடுகின்றன. அந்த வாயு குமிழியாக மேலே வருவது குறைவு. பெரும்பகுதி நெற்பயிரின் உள்வெற்றிடங்கள் வழியாகவே ஏறி வெளியேறுகிறது. நெல் தண்டு ஒரு புகைபோக்கி என்றால் பிழையில்லை. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடிக்கிறது. மனிதச் செயல்களால் எழும் மெதேனில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு உலகின் நெல்வயல்களிலிருந்து வருகிறது.

இதற்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய மருந்து ஒரு குழாய். ஓர் அடி நீளமான பி.வி.சி. துண்டு, கீழ்ப்பாதியைச் சுற்றித் துளைகள். பழுக்கக் காய்ச்சிய ஆணி இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதை வயலில் பாதிக்கு மேல் தாழ்த்தி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளி எறிந்துவிட்டால், மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை, வரம்பில் நீர் விடும் வாயான வக்கடையைத் திறக்க வேண்டியதில்லை. இறங்கியதும் 5 சென்ரிமீற்றர் கட்டிவிட்டு மறுபடியும் காத்திருக்கலாம். பூக்கும் காலத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் தண்ணீர் மூன்றிலொரு பங்குவரை மிச்சமாகும், மெதேன் பாதியளவு குறையும், விளைச்சலில் பெரிதாக அடி விழாது. விஞ்ஞானத்தில் குறை சொல்ல இடமில்லை.

கணக்கில் இடம் இருக்கிறது. இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேயர், வெள்ளாமை செய்யும் ஒருவரை எடுத்துக்கொண்டால், போகம் முழுவதும் நீர் கட்டி நிற்கும் தெற்காசிய வயலுக்குக் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு தரும் பொதுமதிப்பு நாளொன்றுக்கு 0.85 கிலோ மெதேன். 110 நாளுக்கு ஏறத்தாழ 94 கிலோ. பலமுறை காயவிட்டால் அதில் 45 சதவீதம் குறையும் என்பது அதே குழுவின் மதிப்பு. ஆகவே மிச்சம் 42 கிலோ மெதேன். 27ஆல் பெருக்கினால் 1.1 தொன். தொன்னுக்கு 10 டொலர், டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 3,300 ரூபா. 2025இன் தொடக்கத்தில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. ஒரு போகக் காபன் விளைச்சலின் பெறுமதி 27 கிலோ நெல், அரை மூட்டைகூட இல்லை. இதிலிருந்துதான் பதிவுச் செலவும், அளப்பவர் கூலியும், சரிபார்ப்பவர் கட்டணமும், இடையில் நிற்கும் கொம்பனியின் பங்கும் போக வேண்டும்.

அதோடு முடியவில்லை. அந்தக் கணக்கு, வயலில் முன்பு எப்போதும் நீர் நின்றது என்ற அனுமானத்தில் போட்டது. ஏற்கெனவே போகத்தில் ஒருமுறை காயவிடும் வழக்கம் உள்ள வயலுக்கு மெதேன் முதலிலேயே குறைவு. அங்கே புதிய முறையால் கூடுதலாகக் குறைவது 15 கிலோ அளவுதான். காசாக்கினால் 1,200 ரூபா, பத்துக் கிலோ நெல். கோழித் தீனுக்குக் காணும்.

அம்பாறைக் கரையின் கதை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கிய கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் 1949க்கும் 1951க்கும் இடையில் அணை கட்டினார்கள். கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனி. சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்ட அந்த நீர்த்தேக்கத்திலிருந்து வாய்க்கால்கள் மேற்கேயிருந்து கிழக்கே இறங்கி வருகின்றன. தலைப்பகுதியில் குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயிகள். கடைக்கோடியில், கடலோரத்தை ஒட்டி, அணைக்கு முன்பே சிற்றணைகளையும் சிறுகுளங்களையும் நம்பி வெள்ளாமை செய்துவந்த முஸ்லிம், தமிழ் ஊர்கள். தண்ணீர் எப்போதும் தலையில் நிறைந்து வாலில் வற்றும். இலங்கையின் எந்தப் பெரிய நீர்ப்பாசனத் திட்டத்திலும் உள்ள நோய்தான் இது. இங்கே அது மொழியோடும் இனத்தோடும் ஒட்டிக்கொண்டது. 1956 கலவரம் கல்லோயாவில் எப்படி எரிந்தது என்பது இந்தக் கரையில் பழைய தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1981 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயாவின் இடதுகரையில் விவசாயிகளை ஒழுங்குபடுத்த இளைஞர்களை அனுப்பியிருந்தன. வந்தவர்கள் சட்டமும் கொண்டுவரவில்லை, சிமெந்தும் கொண்டுவரவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் நீர் எடுப்பவர்களை உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். சில வாரங்களுக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. ஆண்டுக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகளே வெட்டிச் சுத்தம் செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். தங்களுக்குப் போதுமானது போக மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். அந்தக் கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு மொழி பேசுபவர்கள். திட்டத்தில் பணிபுரிந்த நோமன் அப்ஹொவ் 1992இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். போர் உச்சத்தில் இருந்த 1997இலும் இது திரும்ப நடந்தது. குளத்தில் உள்ள நீர் நெல்லுக்குப் போதாது என்று அதிகாரிகள் சொன்ன பிறகும், விவசாய அமைப்புகள் இருந்த நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டுப் பல்லாயிரம் ஏக்கரில் நல்ல விளைச்சல் எடுத்தன. சிங்களத் தலைப்பகுதியிலிருந்து தமிழ் பேசும் வாற்பகுதிக்குத் தண்ணீர் இறங்கியது.

ஒரு பக்கக் குறிப்பு. இதே அப்ஹொவ்தான் பின்னாளில், மடகஸ்காரில் ஒரு பாதிரியார் உருவாக்கிய, நீரைக் கட்டிவைக்காத செம்மை நெல் முறையை உலகமெங்கும் கொண்டு சென்றவர். அவர் கல்லோயாவில் என்ன கற்றுக்கொண்டு போனார் என்பதை ஒருவர் தனியே ஆராயலாம்.

முறைத் தண்ணீர் என்றால் வயல் சில நாட்கள் நனையும், சில நாட்கள் காயும். வாய்க்காலின் கடைசியில் இருப்பவருடைய வயல் அவர் விரும்பாமலே காயும். வரம்பில் குந்தியிருந்து, இரவு இரண்டு மணிக்கு வரும் முறைக்காக ரோர்ச் லைட்டோடு காத்திருந்து, வக்கடையில் ஒரு மண்வெட்டி மண்ணைக் குறைத்துக் கூட்டி நீரைப் பங்கிட்டவர்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்தது, இன்று குழாய் வைத்துச் செய்யச் சொல்லும் அதே வேலை. ஆனால் காபன் சந்தையின் முதல் விதி, ஏற்கெனவே நடப்பதற்குப் பணம் இல்லை என்பது. திட்டம் வந்திராவிட்டால் நடந்திருக்காத குறைப்புக்கு மட்டுமே சான்று. விதிக்குப் பின்னால் நியாயம் உண்டு. இல்லாவிட்டால் காற்றில் கணக்கெழுதி விற்பார்கள். அதன் விளைவு மட்டும் வேடிக்கையானது. வாய்க்கால் தலையில் இரவும் பகலும் நீரை ஓடவிட்டவர் திருந்தினால் அவருக்கு 1.1 தொன். சிக்கனமாக வாழ்ந்த கடைக்கோடிக்காரருக்குப் பத்துக் கிலோ நெல்லின் காசு. விரயம் செய்தவரிடம் விற்கச் சரக்கு இருக்கிறது, சேமித்தவரின் கை வெறுமை.

வேறிடங்களில் இந்தச் சந்தை எப்படி ஓடியது? சீனாவில் நெல்வயல் மெதேன் திட்டங்கள் பெருகின. 2024 ஓகஸ்ற்றில் அவற்றில் 37 திட்டங்களை, உலகின் மிகப்பெரிய பதிவகமான வெரா தள்ளுபடி செய்தது. முன்பு நீர் எப்படி நின்றது, பின்பு எப்படிக் காய்ந்தது என்பதற்குச் சரியான ஆதாரம் காட்ட முடியவில்லை. இந்தியாவில் அரியானா, மத்தியப் பிரதேசக் காபன் திட்டங்களை ஆராய்ந்து அதே ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் எளிமையான ஒன்றைக் கண்டது: பேட்டி காணப்பட்ட விவசாயிகளில் நூற்றுக்கு 99 பேருக்குக் காபன் காசு கைக்கு வந்திருக்கவில்லை. நாலிலொரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இரண்டாம் ஆண்டே விட்டுவிட்டார்கள்.

நல்ல உதாரணமும் ஒன்று உண்டு. வட அவுஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் நிலத்தில், பழங்குடி மக்கள் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு தீ வைத்துப் புல்லை ஒழுங்குபடுத்துவது பரம்பரை வழக்கம். அந்த வழக்கம் நின்ற இடங்களில் வறண்ட பருவத்தின் இறுதியில் பெருந்தீ பிடித்தது. டார்வின் நகரின் எரிவாயு ஆலை, 2006 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரை 17 ஆண்டுகளுக்குத் தர ஒப்பந்தம் செய்தது. பழங்குடிக் காவலர்கள் தங்கள் முறையில் தீ வைத்தார்கள். அங்கே விஞ்ஞானிகள் பெரியவர்களோடு சேர்ந்து நடந்து, எந்தப் புல் எப்போது காயும் என்று கேட்டு, பிறகுதான் சூத்திரம் எழுதினார்கள். காசு தனி ஆளுக்குப் போகாமல் சமூகத்தின் நிறுவனத்துக்குப் போனது. கல்முனைக்கு அரியானாவைவிட ஆர்னெம் நிலமே கிட்டிய ஊர்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது என்பது அடுத்த சிக்கல். அம்பாறைக் கரையில் பொதுவாக வீடும் வளவும், வசதியுள்ள குடும்பங்களில் வயலும், பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகின்றன. உறுதியில் இருப்பது மனைவியின் பெயர் அல்லது மகளின் பெயர். வயலில் நிற்பவர் கணவர், சில வேளை மாமனார். விவசாய அமைப்பின் கூட்டத்தில் குந்தியிருப்பவர்களும் ஆண்கள்தான். பழைய போடியார் வழக்கில் காணிக்காரர் ஒருவர், வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் இன்னொருவர். இப்போது குத்தகைக்காரர் வேறு. அவர் இந்தப் போகம் இருப்பார், அடுத்த போகம் வேறொருவர் வருவார். 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுக்க எழுந்தது. அதன் பிறகு வந்த 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் அவருக்கு இடம் உண்டு. இரவில் முழித்திருந்து வக்கடை கட்டியவருக்கா, உறுதி வைத்திருப்பவருக்கா காபன் உரியது என்பதை அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யோசிக்கக் காரணமே இல்லை.

காலமும் சிக்கல். மண்ணில் காபன் சேர்க்கும் ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் ஓடுபவை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே மட்டக்களப்பு வீதியை ஒட்டி நெருக்கியடித்த வீடுகள். ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு வேண்டும். கடலுக்குள் வீடு கட்ட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலருகே கட்டப் பலருக்கு மனமும் இல்லை. அந்த ஒரு நாளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆகவே வயல் நிரப்பப்படுகிறது, சட்டம் தடுத்தாலும் நிரப்பப்படுகிறது. இந்தக் கரையின் நிலத்தோற்றத்தை மாற்றும் பெரிய சக்தி இதுதான். பத்தாண்டுக்கு வயலாகவே வைத்திருப்பேன் என்று கையெழுத்துப் போடும் தகப்பன், மூத்த மகளின் கலியாணத்துக்கு வீட்டை எங்கே கட்டுவார் என்று எந்தக் கொம்பனியின் படிவத்திலும் கேள்வி இருக்காது.

வயலுக்குள் இறங்கினால் இன்னும் நுணுக்கமான அறிவு கிடக்கிறது. இந்தப் பக்கம் நாற்று நடுவது அரிது; வீசி விதைப்புத்தான். விதைத்த வயலில் நீர்தான் முதல் களைநாசினி. நீரை இறக்கினால் கோரையும் களைநெல்லும் ஏறும், மருந்தடிக்கும் செலவு ஏறும். கடலுக்கும் களப்புக்கும் கிட்டிய தாழ்ந்த வயல்களில் உப்பு கீழே காத்திருக்கிறது. மேலே நிற்கும் நல்ல தண்ணீரே அதை அமுக்கி வைக்கிறது. அங்கே குழாய் சொல்வதைக் கேட்டு 15 சென்ரிமீற்றர் காயவிட்டால் உப்பு வேருக்கு ஏறிவிடும். எந்த வரவையில் உப்புத் தட்டும், எதில் தட்டாது என்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். செய்மதிக்குத் தெரிய நாளாகும். காயவைத்து நனைக்கும்போது பசளையின் நைதரசனிலிருந்து நைதரசு ஒட்சைட்டு எழுவதும் உண்டு. அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்குக்கு மேல் வீரியமானது. யூரியாவை எந்த நாளில் எறிவது என்ற கேள்வி இப்போது வானத்தின் கேள்வியும் ஆகிவிடுகிறது.

வைக்கோலை எரிக்காமல் மண்ணில் சேர்க்கச் சொல்வார்கள். நல்லதுதான். நீர் நிற்கும் வயலில் புதுவைக்கோலைப் புதைத்தால் மெதேன் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதோடு அறுவடைக்குப் பிந்திய வயல் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம். வயலும் பட்டியும் பகிரும் இந்த நிலத்தில் எவ்வளவு இழுபறி இருக்கிறது என்பதை வட்டமடுவைக் கேட்டால் தெரியும். பயிர் செய்பவர், மாடு வளர்ப்பவர், வனத் திணைக்களம் என்று மூன்று தரப்பு ஒரே காணிக்கு ஆண்டுக்கணக்காக நிற்கிறது. ஹிங்குராணை சீனித் தொழிற்சாலையைச் சுற்றிய காணிகளில் கரும்பா நெல்லா என்பதும் பழைய வழக்கு. இத்தகைய மண்ணில் காபனுக்காக மரம் நடப் போகிறோம் என்று வருபவர், தான் யாருடைய பக்கத்தில் நிற்கிறார் என்பதை அறியாமலே ஒரு பக்கத்தில் நின்றுவிடுவார்.

மரம் நட்ட அனுபவம் இலங்கைக் கரைகளுக்கு உண்டு. சுனாமிக்குப் பிறகு கண்டல் நடுகை அலையெனப் பெருகியது. அதை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். நிலைத்தது 200 முதல் 220. பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. கன்று நிற்காத மட்டத்தில் நட்டார்கள், பொருந்தாத இனத்தை நட்டார்கள், நட்டதும் பேனரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். களப்பில் இறால் பிடிப்பவரைக் கேட்டிருந்தால் நீர் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லியிருப்பார்.

விவசாயி பசுமை என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறார் என்றால் அதற்கும் காரணம் உண்டு. 2021இல் இரசாயனப் பசளையை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. சேதனப் பசளை வேண்டாம் என்று இந்தக் கரையில் யாரும் சொல்லவில்லை. எருவையும் சாம்பலையும் அறியாதவர்களா இவர்கள்? மாறுவதற்கு மூன்று நாலு போகமாவது வேண்டும் என்றார்கள். கேட்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்தது, ஆனால் பெரும்போகம் அதற்குள் விதைத்தாகிவிட்டது. 2022இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விழுந்தது. நல்ல நோக்கத்தை யார் தலையில் பரிசோதிக்கிறார்கள் என்ற பாடம் அங்கே வயலில் எழுதப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகு, காயவிட்டு நனைக்கும் இந்தத் தண்ணீர்முறையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதன் உண்மையான இலாபம் 3,300 ரூபாவில் இல்லை, மிச்சப்படும் தண்ணீரில் இருக்கிறது. இடதுகரைத் தலையில் மூன்றிலொரு பங்கு மிஞ்சினால் சிறுபோகத்தில் கடைக்கோடியில் எத்தனை ஏக்கர் கூடுதலாகச் செய்யலாம் என்பதே இந்தக் கரைக்கான கணக்கு. அதைத் தனி விவசாயி செய்ய முடியாது. பக்கத்து வயல்காரர் வக்கடையைத் திறந்து வைத்திருக்கும்போது ஒருவர் மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. வாய்க்கால் முழுவதும் ஒன்றாக முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு போக ஆரம்பக் கூட்டத்தில் எழுத்தில் ஏற வேண்டும். ஒப்பந்தமும் வாய்க்காலோடு செய்யப்பட வேண்டும். காசு வந்தால் வாய்க்காலைத் தூர்வாரப் போக வேண்டும்.

இன்னொன்றை இப்போதே செய்யலாம், அதற்கு எந்தக் கொம்பனியும் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டையிலும், அதாவது வயல்தொகுதியிலும், நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானையார் இருக்கிறார். எந்த நாளில் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு யார் வக்கடை திறந்தது, எந்த வயல் எத்தனை நாள் காய்ந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிலர் கொப்பியில் எழுதுவார்கள், சிலருக்கு மனப்பாடம். சீனாவின் 37 திட்டங்களிடம் இல்லாமற்போனது இந்தத் தகவல்தான். போகம் முடிந்ததும் அந்தக் கொப்பி பிள்ளைகளின் கணக்குக் கொப்பியாகிறது, அல்லது கடையில் கச்சான் சுற்றப் போகிறது. கமநல சேவை நிலையத்தில் ஓர் அலுமாரி, அதில் வட்டை வாரியாக அடுக்கிய கொப்பிகள், ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எழுதியவரின் பெயர்: வரும் பெரும்போகத்துக்கு முன் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய இடங்களில் இதைத் தொடங்கப் பெரிய செலவு ஆகாது.